மலையில் இருந்தபடி நம் வேலையை நாமே அளந்து பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பேக்டரி ஆபீசில் இலைக் கணக்கு எழுதுபவனாக 1999-இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் ஊட்டியில் ஹோட்டல் ரிசப்ஷன். இப்போது குன்னூரில் ஒரு விடுதியில் ஆள் எடுப்பதும் சம்பளக் கணக்குப் பார்ப்பதும் என் பொறுப்பு. வேலை கேட்டு மேஜையின் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், கேள்வி கேட்டு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிந்த பிள்ளைகள், அவர்களுடைய அக்கா அண்ணன்மார் வந்து பேசுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

மேனேஜர் வருஷா வருஷம் மார்க் போடுகிறார். நான் வேறு தனியாக எதற்கு அளக்க வேண்டும்?

அவர் அளப்பது அவருடைய தேவைக்கு. இந்த வருஷம் இந்த இடத்துக்கு நீங்கள் எவ்வளவு பயன்பட்டீர்கள் என்று அவர் பார்க்கிறார். வேறு இடத்தில் உங்களுக்கு என்ன மதிப்பு, ஐந்து வருஷம் கழித்து உங்களால் என்ன வேலை செய்ய முடியும் என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியதில்லை. அதைப் பார்க்க உங்களை விட்டால் ஆள் கிடையாது.

எப்படி அளப்பது என்பதை எனக்குக் காட்டியவர் என் முதல் பேக்டரியின் டீமேக்கர், அதாவது தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர். காலையில் டிரையரிலிருந்து விழுந்த தூளை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சம் படும் மேஜையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைப்பார். எல்லாவற்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். அந்த வரிசையில் முந்தைய நாள் தூளுக்கும் ஒரு கோப்பை கட்டாயம் இருக்கும். ஸ்பூனில் எடுத்து உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். நேற்றையதுதான் குடித்தாயிற்றே, மறுபடி எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். "தம்பி, ஞாபகத்தை நம்பி டீ போட்டா ஏலத்துல அடி வாங்குவோம்" என்றார். இன்றைய டீ நிறம் குறைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் இலை சரியாக வாடவில்லையா, ரோலர் பல் மழுங்கிவிட்டதா, ராத்திரி ஷிப்டில் டிரையர் சூடு இறங்கியதா என்று தேடப் போகலாம்.

"போன வருஷத்தைவிட நன்றாகத்தான் செய்கிறேன்" என்று எல்லோரும் சொல்கிறோம். போன வருஷத்துக் கோப்பை பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. வேலை நோட்டு எழுதுங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது அதற்காகத்தான்.

அந்த நோட்டில் என்ன எழுதுவது?

மாதம் ஒரு தடவை, அரை மணி நேரம் போதும். அந்த மாதம் நீங்கள் இல்லாவிட்டால் நடந்திருக்காத வேலை எது? அதை எண்ணிக்கையோடு எழுதுங்கள். எது சொதப்பியது, ஏன் என்பதையும் எழுதுங்கள். புதிதாக ஏதாவது கற்றிருந்தால், யார் கற்றுக்கொடுத்தார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். "மே மாதம் கடுமையாக உழைத்தேன்" என்று எழுதினால் அடுத்த வருஷம் படிக்கும்போது அதில் ஒன்றும் இருக்காது. என் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"2011 மே. 38 அறையும் நிரம்பிய சனிக்கிழமை மூன்று. இரண்டாவது சனி, ஒரே அறை இரண்டு குடும்பத்துக்குப் போய்விட்டது. கைக்குழந்தையோடு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டோம். தெரிந்த லாட்ஜுக்கெல்லாம் போன் போட்டு, பர்ன்ஹில் ரோட்டில் அறை கிடைத்து, கூடவே போய் விட்டுவந்தபோது இரவு 11:40. காரணம்: போனில் வரும் புக்கிங் ஒரு நோட்டில், ஏஜென்ட் புக்கிங் இன்னொரு நோட்டில். திங்கள் முதல் இரண்டும் ஒரே நோட்டில். சீசன் முடியும்வரை திரும்ப நடக்கவில்லை."

மூன்று வருஷம் கழித்து ஓர் இன்டர்வியூவில், சிக்கலான நிலைமை ஒன்றைச் சமாளித்த கதை சொல்லுங்கள் என்றார்கள். நேரம், எண்ணிக்கை, காரணம், மாற்றம் எல்லாம் வரிசையாக வந்தது. அந்த வேலை எனக்குக் கிடைத்தது. எழுதி வைத்திருக்காவிட்டால் "சீசன்ல ரொம்ப கூட்டம் சார், பார்த்துக்கிட்டோம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், கம்பெனியின் விலைப்பட்டியல் இவற்றை அதில் எழுதாதீர்கள். நோட்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்தால் ராஜினாமா செய்யும் அன்றே அது உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

ஒரே இடத்தில் பத்து வருஷம் இருக்கிறேன். அது பலமா, பலவீனமா?

நோட்டைத்தான் கேட்க வேண்டும். ஏழாவது வருஷமும் பத்தாவது வருஷமும் ஒரே மாதிரி இருந்தால் நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். இடம் மாறியே தீர வேண்டும் என்பதில்லை. அதே கூரைக்குக் கீழே வேறு வேலையைக் கேட்டு வாங்கலாம். எடை போடுபவர் ஸ்டோர் கணக்குக்குப் போகலாம், ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர் வாரம் இரண்டு நாள் ரிசப்ஷனில் நிற்கலாம். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை அவர்களுக்கும் இருக்கிறது.

வேலை பார்க்கும் இடமே மூடிவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி என்னைச் சுட்ட கேள்வி. என் முதல் பேக்டரி மூன்று மாதச் சம்பளப் பாக்கியோடு மூடியது. ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கேட்டில் பூட்டு. நான் அதுவரை அனுபவச் சான்றிதழ்கூட கேட்டு வாங்கியிருக்கவில்லை. எட்டு வருஷம் வேலை பார்த்ததற்கு என் கையில் ஒரு தாள் இல்லை.

நீலகிரிக்கு இது பழகிய வேதனை. ஊட்டி இந்து நகரில் 1960-இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நம் ஊரில் அங்கே வேலை கிடைத்தவரைப் பார்த்து மற்றவர்கள் ஏங்கிய காலம் உண்டு. கறுப்பு வெள்ளையிலிருந்து உலகம் கலருக்கு மாறியது, வெளிநாட்டுப் பிலிமோடு போட்டி வந்தது, கடன் ஏறியது. 1996-இல் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. பின்னால் டிஜிட்டல் கேமரா வந்து பிலிமையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் செய்த தவறு எதுவும் இதில் கிடையாது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். என் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன்: இந்தப் பொருளோடு போய்விடும் திறமை எது, எந்தக் கதவைத் தட்டினாலும் செல்லும் திறமை எது? இருட்டறையில் பிலிம் வெட்டும் லாவகம் பிலிமோடு போகும். கொதிகலன் ஓட்டுவது, குளிரூட்டும் இயந்திரத்தைப் பராமரிப்பது, ரசாயனத்தை அளந்து கலப்பது, தரம் பார்த்து எழுதுவது இவையெல்லாம் மருந்துத் தொழிற்சாலையிலும் செல்லும், ஆஸ்பத்திரியிலும் செல்லும். இரண்டாவது வகைக்கு ஒரு சான்றிதழாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாய்லர் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வு எழுதுங்கள். நியமன ஆர்டர், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் மூன்றையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். இடம் நன்றாக நடக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.

எனக்கு சீசன் வேலைதான். டாக்சி ஓட்டுகிறேன். இதிலெல்லாம் என்ன முன்னேற்றத்தை அளப்பது?

சீசன் வேலைக்காரருக்குத்தான் கணக்கு அதிகம் தேவை. ஏப்ரல், மே மாதங்களில் வரும் பணத்தையும் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசனில் வருவதையும் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான மாதச் சம்பளம். மே மாத வருமானத்தைப் பார்த்து வண்டிக் கடன் வாங்கியவர்கள் ஜூலை மழையில் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

சூழ்நிலை மாறுவதையும் கவனிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. மலை எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்ற கேள்வி இனி நம்மை விடாது. "எட்டு பாயின்ட் காட்டுகிறேன், இவ்வளவு ரூபாய்" என்று மட்டும் தொழில் செய்பவருக்கு இது நெருக்கடி. ஒரு சோலைக்காட்டைக் காட்டி, அது ஏன் ஆறுகளுக்குத் தாய் என்று சொல்லத் தெரிந்தவருக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று நம்புகிறேன். மழைக்காலத்தில் வண்டி நிற்கும் வாரங்களை அதற்குப் பயன்படுத்துங்கள். பறவைகளின் பெயர், மலை ரயிலின் பல்சக்கரம் எப்படி வேலை செய்கிறது, தேயிலை எப்படித் தூளாகிறது, வருஷம் ஒரு விஷயம் கற்றாலே போதும். நோட்டில் இன்னொரு எண்ணிக்கையும் எழுதுங்கள்: இந்த வருஷம் போன் போட்டு உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? ஸ்டாண்டில் காத்திருந்து கிடைத்த சவாரி எத்தனை? முதல் எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கோயம்புத்தூருக்கு இறங்கிவிடலாமா? சம்பளம் அதிகம் தருகிறார்கள்.

முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். போன மாதம் ஒரு தம்பியோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. கோத்தகிரியில் 16,000. வீட்டில் தங்கல், பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 2,500 போக மீதி 13,500. கோவையில் 24,000. பகிர்ந்த அறைக்கு 4,500, மெஸ்ஸுக்கு 5,500, டவுன் பஸ் 1,000, மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வர 800. மீதி 12,200. எட்டாயிரம் கூடுதல் சம்பளம், ஆனால் கையில் 1,300 குறைவு.

உடனே அவன் முகம் விழுந்துவிட்டது. போகாதே என்று நான் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டேன்: அங்கே இரண்டு வருஷத்தில் என்ன கற்பாய்? அது ஒரு பம்ப் கம்பெனி. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. இயந்திரத்தில் பயிற்சி கொடுப்பதாக ஆர்டரிலேயே எழுதியிருந்தார்கள். அப்படியானால் அந்த 1,300 படிப்புக்குக் கட்டும் பணம், போகலாம் என்றேன். இதுவே வெறும் பேக்கிங் வேலையாக இருந்திருந்தால் இங்கேயே இரு என்று சொல்லியிருப்பேன்.

வீட்டில் தேயிலைத் தோட்டம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். நீங்கள் இறங்கிவிட்டால் இலை பறிக்க ஆள் கூலி எவ்வளவு, மருந்தடிக்க யார், அப்பாவால் இன்னும் எத்தனை வருஷம் முடியும் என்பதெல்லாம் சம்பளச் சீட்டில் வராது.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். ஆறு வருஷ இடைவெளியை எப்படிச் சொல்வது?

அக்கா, தங்கை என்று எத்தனையோ பேர் தலையைக் குனிந்துகொண்டு கேட்கும் கேள்வி. குனிய வேண்டாம். "2018 முதல் 2024 வரை குழந்தை வளர்ப்பு" என்று ஒரு வரி எழுதுங்கள். மறைத்தால்தான் கேள்வி வரும். அந்த ஆறு வருஷத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதியிருப்பீர்கள், பேங்க் லோனுக்கு அலைந்திருப்பீர்கள், வீட்டிலிருந்து ஹோம்மேட் சாக்லேட்டோ வர்க்கியோ செய்து கடைக்குக் கொடுத்திருப்பீர்கள். அவை வேலைதான். எத்தனை பேர் குழு, எவ்வளவு கடன், தவணை தவறியதா இல்லையா என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருந்து சொல்கிறேன், பன்னிரண்டு பெண்களின் தவணையை மூன்று வருஷம் பிசகாமல் வாங்கிக் கட்டியவரை நான் கேஷ் கவுண்டரில் தயங்காமல் உட்கார வைப்பேன்.

இனிமேல் குழந்தை பெறப் போகிறவர்கள் வேலையை விடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. அதற்கு, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கும் இது பொருந்தும்.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. யாரைப் போய்க் கேட்பது?

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் இந்த நிலையில் நிறையப் பிள்ளைகள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்னும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று டிகிரி முடித்திருக்கிறார்கள். வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆபீஸ் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மூன்று பேரைத் தேடுங்கள். உங்களைவிட மூன்று நாலு வருஷம் முன்னால் போனவர் ஒருவர், நீங்கள் சேர விரும்பும் வேலையை இப்போது பார்ப்பவர் ஒருவர், உங்கள் குறையை முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர் ஒருவர். மூன்றாமவர் பெரும்பாலும் பழைய வாத்தியாராகவோ டீச்சராகவோ இருப்பார். போய் நின்றதும் "அண்ணா, ஒரு வேலை வாங்கிக் கொடுங்க" என்று கேட்டால் அவர் நெளிவார். "அண்ணா, உங்க வேலையில ஒரு நாள் எப்படிப் போகும்னு தெரிஞ்சுக்கணும். இருபது நிமிஷம் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். இப்படிக் கேட்ட பிள்ளைகளில் யாரையும் நான் இன்றுவரை திருப்பி அனுப்பியதில்லை.

சம்பள உயர்வு கேட்க நல்ல நேரம் எது?

ஹோட்டல் தொழிலில் பிப்ரவரி. சீசனுக்கு ஆள் கணக்குப் போடும் மாதம் அது. மே நடுவில் போய்க் கேட்டால் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி ஆகிவிடும், கொடுத்தாலும் மனதில் வைத்துக்கொள்வார்கள். நோட்டிலிருந்து மூன்று விஷயங்களை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "சார், போன பிப்ரவரியிலிருந்து இந்த மூன்று வேலை கூடுதலாகப் பார்க்கிறேன். சம்பளம் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்று கேட்க வந்தேன்." இவ்வளவு போதும். வீட்டு வாடகை, பிள்ளைகள் பீஸ் இவற்றைச் சொல்ல வேண்டாம். கஷ்டம் உண்மைதான், ஆனால் பக்கத்து மேஜைக்காரருக்கும் அதே கஷ்டம் இருக்கிறது. முடியாது என்று சொன்னால், "எப்போது மறுபடி கேட்கலாம், அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு, வந்த பதிலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வேறு இடத்தில் ஆர்டர் வந்துவிட்டது. ராஜினாமா கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தேதியைப் பாருங்கள். நிரந்தர வேலையில் தொடர்ந்து 5 வருஷம் இருந்தவருக்கு, வேலையை விடும்போது முதலாளி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஒரு வருஷத்துக்கான தொகை. 13,000 வாங்கினால் வருஷத்துக்கு 7,500, பன்னிரண்டு வருஷத்துக்கு 90,000. நாலரை வருஷத்தில் அவசரப்பட்டு விட்டுவிட்டு, பின்னால் என்னிடம் வந்து வருத்தப்பட்டவர்கள் உண்டு.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புது இடத்துக்கு மாற்றுங்கள். மொத்தம் 10 வருஷச் சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். இடையில் பென்ஷன் பகுதியை எடுத்துவிட்டால் அத்தனை வருஷமும் கணக்கிலிருந்து போய்விடும். யு.ஏ.என்.னிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் தகராறு அதிகம், பழைய முதலாளியிடம் இருக்கும்போதே சரிசெய்வது சுலபம்.

நாலு வருஷமாக டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறேன். நிறுத்துவதா, தொடர்வதா?

குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மார்க். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பழைய வினாத்தாளை எடுத்து, போனை அணைத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். தேதியோடு மார்க்கை எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் ஐந்து தடவை. மார்க் ஏறிக்கொண்டிருந்தால் தொடருங்கள், வீட்டிலும் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால், படிக்கும் முறையை மாற்ற வேண்டும், கூடவே ஒரு பகுதி நேர வேலையிலாவது சேர வேண்டும். நாலு வருஷம் வெறும் படிப்பு என்பது உங்கள் தன்னம்பிக்கையைத் தின்றுவிடும், அதுதான் எனக்குக் கவலை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

எனக்கு இங்கிலீஷ் வராது.

உங்கள் வேலைக்குத் தேவையான நாற்பது வாக்கியங்கள் வந்தால் தொடங்கிவிடலாம். ரிசப்ஷன் என்றால் ரிசப்ஷன் வாக்கியங்கள், ஸ்டோர் என்றால் ஸ்டோர் வாக்கியங்கள். கூடவே கொஞ்சம் மலையாளம், கன்னடம் பேசத் தெரிந்தால் எங்கள் மாதிரி இடங்களில் அதற்குத் தனி மதிப்பு. கூடலூர்க்காரர்கள் தங்களிடம் இருப்பது ஒரு திறமை என்றே நினைப்பதில்லை. பயோடேட்டாவில் எழுதுங்கள்.

நோட்டு ஆரம்பித்தேன், மூன்றாம் மாதம் விட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் நடக்கிறது. தனி நோட்டு கைக்கு வரவில்லை என்றால் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை அது எப்படியும் கைக்கு வரும், தேதி அதிலேயே இருக்கும். சீட்டு போனில்தான் வருகிறது என்றால், பேங்க்கில் சம்பளம் ஏறிய மெசேஜ் வந்த அன்று எழுதுங்கள். விட்டுப்போன மாதங்களை யோசித்து நிரப்ப வேண்டாம், இந்த மாதத்திலிருந்து போகட்டும். மூன்று வரி போதும். எங்கள் விடுதியில் தோட்ட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இரண்டு வருஷமாக இப்படித்தான் எழுதுகிறார், சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். போன தை மாதம் அதிலிருந்து மூன்று சீட்டை எடுத்து வந்து என் மேஜையில் விரித்தார்.